புதன்கிழமை இரவு 11.59: என்பிடெல் கோர்ஸை முதல் தடவையிலேயே முடிக்க

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது டேட்டாபேஸ் பாடத்துக்காக என்பிடெல்லில், அதாவது ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் தளத்தில், எட்டு வார கோர்ஸ் ஒன்றை எடுத்தேன். அசைன்மெண்டில் 25-க்கு 24. தேர்வில் 75-க்கு 27. கூட்டினால் 51. மொத்தம் 40 வந்தால் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருந்ததால் ரிசல்ட் பக்கத்தை நிம்மதியாகத்தான் திறந்தேன். சான்றிதழ் இல்லை. தேர்வில் மட்டும் தனியாக 30 எடுத்திருக்க வேண்டுமாம். அந்த வரி முதல் நாளிலிருந்தே கோர்ஸ் பக்கத்தில் இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அந்த 24 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் ‘வீக் 3 ஆன்சர்ஸ்’ என்று தேடினால் யாரோ ஒருவர் விடைகளை வரிசையாக வாசிப்பார். ஒரு கையில் அதை ஓடவிட்டு மறு கையில் கிளிக் செய்தேன். வாரத்துக்குப் பத்து நிமிட வேலை.

இப்போது நானே கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரும் சில மாணவர்களுக்கு என்பிடெல் மென்டராக இருப்பதால் அவர்களின் அசைன்மெண்ட் மதிப்பெண்கள் என் பார்வைக்கு வரும். நான் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வாரங்களில். முதல் தடவை ஆன்லைனில் கல்லூரிப் பாடம் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணம் என்பிடெல் என்றாலும், மற்ற ஆன்லைன் வகுப்புகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கோர்ஸைத் தொடுவதற்கு முன்

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்பிடெல். வெறும் வீடியோவாக இருந்த பாடங்களுக்கு 2014-லிருந்து தேர்வும் சான்றிதழும் வந்தன. 2017-ல் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியபோது இந்தக் கோர்ஸ்கள் அதற்குள் வந்தன. ஆகவே ‘ஸ்வயமா, என்பிடெல்லா?’ என்று குழம்ப வேண்டாம். ஸ்வயம் என்பது பெரிய கடை, அதில் என்பிடெல் ஓர் அலமாரி.

ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொன்னது. 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் எந்தக் கோர்ஸை ஏற்பது, எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்பது என்பதை உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் முடிவு செய்யும். பொதுவாக 4 வாரத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. கல்லூரியில் இதற்கென்று ஓர் ஆசிரியர் இருப்பார், ‘ஸ்பாக்’ என்பார்கள். பதிவு செய்வதற்கு முன் அவரிடம் போய், “மேடம், இந்தக் கோர்ஸ் எனக்கு எந்த எலெக்டிவுக்குப் பதிலா கணக்காகும்?” என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையை நம்பி 12 வாரம் படித்துவிட்டு, “அந்த லிஸ்ட்ல இது இல்லையேப்பா” என்று கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கோர்ஸின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அதே கோர்ஸ் முன்பு நடந்திருந்தால் பழைய வீடியோக்கள் திறந்தே கிடக்கும். முதல் வாரத்தில் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று பாருங்கள். முதல் வாரம் எல்லாக் கோர்ஸும் எளிதாகத்தான் இருக்கும். ஆறாவது வார வீடியோவில் பேராசிரியர் பேசும் வேகம், பலகையில் எழுதுகிறாரா ஸ்லைடை வாசிக்கிறாரா, கணக்கு எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதெல்லாம் இருபது நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஒரே பாடத்தை இரண்டு மூன்று பேராசிரியர்கள் எடுத்திருந்தால், கேட்க உங்களுக்கு எளிதாக இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

எத்தனை கோர்ஸ் எடுக்கலாம்? முதல் தடவை ஒன்று. கூட்டமாகச் சேர்ந்து மூன்று எடுப்பவர்களில் பெரும்பாலானோர் ஒன்றைத்தான் முடிக்கிறார்கள், அதுவும் பிடித்த ஒன்றாக இருப்பதில்லை.

பதிவு இரண்டு தடவை

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. கோர்ஸில் சேருவது இலவசம். அதற்கு ‘என்ரோல்’ என்று பெயர். தேர்வு எழுத வேண்டுமானால் சில வாரம் கழித்துத் திறக்கும் தேர்வுப் படிவத்தைத் தனியாக நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். நான் இதை எழுதும்போது ஒரு கோர்ஸுக்கு 1,000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு, சான்றிதழைப் பதிவேற்றினால், கட்டணச் சலுகை உண்டு. படிவத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது. எல்லா அசைன்மெண்டையும் முடித்துவிட்டுப் படிவத்தை மறந்தால் தேர்வு கிடையாது.

என்ரோல் செய்த அதே மெயில் ஐடியில்தான் தேர்வுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். கல்லூரி மெயிலில் ஒன்று, சொந்த ஜிமெயிலில் ஒன்று என்று செய்தால் அசைன்மெண்ட் மதிப்பெண் ஒரு பக்கம், தேர்வு ஒரு பக்கம் என்று நிற்கும். சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டுமோ அப்படியே தட்டச்சு செய்யுங்கள், இனிஷியல் எங்கே வருகிறது என்பது உட்பட. தேர்வு எழுதும் ஊரையும் அதே படிவத்தில்தான் கேட்பார்கள். ஜூலை செமஸ்டர் என்றால் தேர்வு தீபாவளியை ஒட்டி வரக்கூடும். அந்த நேரத்தில் ஹாஸ்டலில் இருப்பீர்களா, ஊரில் இருப்பீர்களா என்று யோசித்து ஊரைக் குறிப்பிடுங்கள்.

மதிப்பெண் கணக்கு

பேனா எடுத்து இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அசைன்மெண்ட் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. 4 வாரக் கோர்ஸில் சிறந்த 3 அசைன்மெண்ட்களையும், 8 வாரத்தில் சிறந்த 6-ஐயும், 12 வாரத்தில் சிறந்த 8-ஐயும் சராசரிக்கு எடுப்பார்கள். சான்றிதழுக்கு அசைன்மெண்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30, இரண்டும் வேண்டும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டாது. புரோகிராமிங் கோர்ஸ்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம், கோர்ஸ் பக்கத்தில் பாருங்கள்.

மொத்தம் 60 வந்தால் சான்றிதழில் ‘எலைட்’ என்று தரம் போடுவார்கள், 75 வந்தால் எலைட்டோடு சில்வர், 90 வந்தால் கோல்டு. தேர்வு 100-க்கு நடந்து 75-க்குச் சுருங்குகிறது. அசைன்மெண்டில் 22 வைத்திருப்பவர் எலைட் வாங்கத் தேர்வில் 38 வேண்டும். அதாவது வினாத்தாளில் பாதி சரியாக இருந்தால் ஏறக்குறைய போதும். சில்வருக்கு, அசைன்மெண்டில் 23 இருந்தால், 100-க்கு 70 வேண்டும். எவ்வளவு ஆசைப்படலாம் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

வாரம் எப்படி ஓட வேண்டும்

ஒரு வாரத்துக்கு சுமார் இரண்டரை மணி நேர வீடியோ வரும், பெரும்பாலும் அரை மணி அரை மணியாக ஐந்து. நேரில் நடக்கும் வகுப்பில் வருகைப் பதிவேடு நம்மை இழுத்துக்கொண்டு போகும். இங்கே பெயர் கூப்பிட யாருமில்லை. வீடியோ எங்கும் ஓடிப்போகாது என்ற நினைப்பே எமன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைப்போம், ஞாயிறு மாமா வீட்டு விசேஷம் வரும்.

எனக்கு இரண்டாம் தடவை கைகொடுத்த முறை இது. வியாழன், வெள்ளி, சனி, நாளுக்கு ஒரு வீடியோ. ஞாயிறு இரண்டு. திங்கள் அசைன்மெண்ட் முதல் முயற்சி. செவ்வாய் சந்தேகம் தீர்த்துத் திருத்தம். பெரும்பாலான கோர்ஸ்களில் அசைன்மெண்டுக்குக் கடைசி நேரம் புதன் இரவு 11.59. புதனை எதற்கும் ஒதுக்காதீர்கள், அது கரண்ட் போனால், நெட் போனால், காய்ச்சல் வந்தால் என்று வைத்துக்கொள்ளும் நாள்.

போன வருஷம் ஒரு ஜூனியர் பையன் செவ்வாய்க்கிழமை மாலை காரிடாரில் வந்தான். “அசைன்மெண்ட் ஆச்சா?” என்றேன். “நாளைக்கு நைட் வரைக்கும் டைம் இருக்கு சார்.” மறுநாள் இரவு 11.50-க்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட், நடுவில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டம். நாட்டில் பாதிப் பேர் அதே நேரத்தில் அதே பக்கத்தைத் திறந்திருக்கும்போது நான் என்ன செய்ய?

வீட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இடம்தான் பிரச்சினை. தனி அறை எல்லோருக்கும் வாய்க்காது. நேரம்தான் உங்கள் அறை. சீரியல் ஓடும் ஏழரை முதல் பத்து வரை படிக்க உட்காராதீர்கள், காலையில் ஐந்தரைக்கு வீடு உங்களுடையது. டேட்டா இழுக்கிறது என்றால் ஸ்லைடு மட்டும் வரும் வீடியோவை 240 தரத்தில் பார்த்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. ஹாஸ்டல் வைஃபையிலோ கல்லூரி லேபிலோ பாட உரை பிடிஎஃப்களை, அதாவது வீடியோவில் பேசுவதை எழுத்தாக்கித் தருவதை, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல கோர்ஸ்களுக்கு அந்த உரை தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு ஆங்கில வீடியோவைப் பார்த்தால் பேராசிரியரின் உச்சரிப்பு அவ்வளவு மிரட்டாது. தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் கலைச்சொல்லை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதி வையுங்கள்.

வீடியோ பார்ப்பது படிப்பதாகாது

இதில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டேட்டாபேஸ் கோர்ஸில் ‘நல்’ (null) பற்றி ஒரு பாடம் வரும். மதிப்பே இல்லாத காலியிடத்துக்கு அங்கே அப்படிப் பெயர். ஐந்து மாணவர்களின் மதிப்பெண் பட்டியல், ஒருவர் தேர்வுக்கு வரவில்லை, அவருடைய மதிப்பெண் கட்டம் நல். பேராசிரியர் விளக்குவார், நாம் தலையாட்டுவோம். இதில் என்ன இருக்கிறது, காலி என்றால் காலி!

இப்போது வீடியோவை மூடிவிட்டு பதில் சொல்லுங்கள். பட்டியலில் மொத்தம் எத்தனை வரிசை என்று எண்ணச் சொன்னால் எத்தனை வரும்? ஐந்து. மதிப்பெண் கட்டத்தை மட்டும் எண்ணச் சொன்னால்? நான்கு, ஏனென்றால் நல்லை எண்ணாது. சரி, ‘மதிப்பெண் 50 இல்லாதவர்களைக் காட்டு’ என்று கேட்டால் தேர்வுக்கு வராதவர் வருவாரா? அவரிடம் 50 இல்லையே, வரத்தானே வேண்டும் என்று தோன்றும். வரமாட்டார். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் உண்மை என்றோ பொய் என்றோ பதில் வராது, ‘தெரியாது’ என்றுதான் வரும். தெரியாது என்று பதில் வந்த வரிசையைக் கணினி காட்டாது.

வீடியோ பார்க்கும்போது இந்த மூன்றாவது கேள்வி மனதில் எழவே எழாது. கேள்வித்தாளில்தான் எழும். நான் தேர்வறையில் தப்பாக எழுதிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

அதனால் வீடியோ முடிந்ததும் ஐந்து நிமிடம் நோட்டை மூடி வையுங்கள். வெள்ளைத் தாளில், நினைவிலிருந்து மட்டும், இதுவரை என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முதல் வாரம் மூன்று வரிக்கு மேல் வராது. பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். எழுதியபின் வீடியோவைத் திரும்ப ஓட்டி விட்டதைச் சேருங்கள். இது பாட்டிவைத்தியம் போலத் தெரியலாம், ஆனால் ஆய்வும் இதைச் சொல்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்து 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு தடவை திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து சுமார் 40 சதவீதம்தான் நினைவிலிருந்தது. ஒரே தடவை படித்துவிட்டு மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 60 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அடித்துச் சொன்னார்கள்.

வேகம்? 1.25 வரை சரி. 2-ல் ஓடவிட்டு ‘முடித்துவிட்டேன்’ என்று டிக் அடிப்பது உங்களுக்கு நீங்களே சொல்லும் பொய்.

அசைன்மெண்ட்

கெடு முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சமர்ப்பித்ததுதான் கணக்கு. ஆகவே திங்கட்கிழமையே தெரிந்ததைப் போட்டு ஒரு தடவை அனுப்பிவிடுங்கள். அனுப்பியபின் பக்கத்தில் உங்கள் கடைசிச் சமர்ப்பிப்பு எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்க்காமல் பக்கத்தை மூடாதீர்கள். பட்டனை அழுத்தினேன் என்பதும் பதிவானது என்பதும் வேறு வேறு.

விடை சொல்லும் யூடியூப் சேனல்கள், டெலிகிராம் குழுக்கள் பற்றி நியாயம் பேசப் போவதில்லை, கணக்கை மட்டும் பேசுகிறேன். அவர்கள் தரும் விடை பல நேரம் தப்பு. சரியாக இருந்தாலும் 25-ல் ஏழெட்டு மதிப்பெண் கூட்டும், 75-ல் இருபதைப் பறிக்கும். ‘அசைன்மெண்ட் கேள்விகளே தேர்வில் வரும்’ என்று சீனியர்கள் சொல்வார்கள். சில பேராசிரியர்களின் கோர்ஸில் உண்மை. சிலருடையதில் ஒன்றுகூட அப்படியே வராது, எண்ணை மாற்றி, ‘சரியானது எது’ என்பதை ‘சரியில்லாதது எது’ என்று திருப்பிக் கேட்பார்கள். விடையின் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே மாட்டுவார்.

சாட்ஜிபிடியும் இப்போது இருக்கிறது. முதலில் நீங்கள் ஒரு விடையை எழுதிவிட்டு, ‘நான் இப்படி நினைத்தேன், எங்கே பிசகு?’ என்று கேளுங்கள். கேள்வியை அப்படியே ஒட்டி விடை வாங்கினால் பழைய யூடியூப் கதைதான், கொஞ்சம் மரியாதையான மொழியில்.

கெடு முடிந்தபின் தளத்திலேயே விடைகளைப் போடுவார்கள். பெரும்பாலோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தப்பான கேள்விகளை மட்டும் கடைசிப் பக்கங்களில் எழுதி, ஏன் தப்பு என்று ஒரு வரி சேர்த்து வாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு உங்களுக்கு வேண்டிய புத்தகம் அதுதான்.

சந்தேகம் கேட்பது

கோர்ஸின் விவாதப் பகுதியில் ‘சார் புரியலை’ என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் முடியாது. எந்த வாரம், எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம், நீங்கள் என்ன முயன்றீர்கள், எங்கே நின்றுபோனது என்று நான்கு வரி எழுதுங்கள். அப்படி எழுதும்போதே பாதிச் சந்தேகம் கரைந்துவிடும். பல கோர்ஸ்களில் ஆய்வு மாணவர்கள் வாராவாரம் நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டும் வகுப்புகளும் உண்டு. கூட்டம் குறைவாக இருப்பதால் கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் கிடைக்கும்.

கோர்ஸ் எடுத்தவர்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொள்வதும் நல்லது. நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் விடைதான் பரிமாறப்படும். மூன்று பேர் மெஸ்ஸில் உட்கார்ந்தால் பாடம் நடக்கும்.

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு

மென்டர் பக்கத்தில் நான் பார்க்கும் பட்டியலில் முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் மதிப்பெண் இருக்கும். ஐந்து, ஆறு, ஏழில் கட்டங்கள் காலியாகும். கல்லூரி இன்டர்னல் தேர்வு, ஆய்வக ரெக்கார்டு, சிம்போசியம், எல்லாம் அங்கேதான் வந்து விழும். ‘சிறந்த 6-தானே, ஒன்றை விட்டால் என்ன’ என்று ஒரு வாரம் விடுவார்கள். அடுத்த வாரப் பாடம் விட்ட பாடத்தின் மேல் நிற்பதால் அதுவும் புரியாது. இப்படித்தான் ஒன்று மூன்றாகிறது.

பின்தங்கிவிட்டால் பழையதிலிருந்து வரிசையாகப் பிடிக்க முயலாதீர்கள். நடப்பு வாரத்தை முதலில் முடியுங்கள், பழையதை நாளுக்கு ஒரு வீடியோவாகப் பின்னால் சேருங்கள். விட்ட வாரத்தில் வீடியோ பார்க்க நேரமில்லை என்றால் பாட உரையையாவது படித்துவிட்டு நடப்பு வாரத்துக்குப் போங்கள்.

தேர்வும் அதன்பிறகும்

கோர்ஸ் ஆன்லைன் என்பதால் தேர்வும் வீட்டிலிருந்து என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், பெரும்பாலும் கணினியில், மூன்று மணி நேரம். கடைசி இரண்டு வாரம் புது வீடியோ எதையும் தொடாமல், எல்லா வார அசைன்மெண்ட்களையும் விடையை மறைத்துவைத்து மறுபடி போடுங்கள். பழைய வருடங்களின் அசைன்மெண்ட்களும் பல கோர்ஸ்களுக்கு என்பிடெல் தளத்திலேயே கிடைக்கும், அவற்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரே மூச்சில் போட்டுப் பாருங்கள். அரை மணி வீடியோவுக்குப் பழகிய உடம்பு மூன்று மணி நேரம் உட்கார மறுக்கும்.

ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, அசல் அடையாள அட்டையோடு போங்கள். மொபைலில் ஆதாரைக் காட்டி உள்ளே போகலாம் என்று போய் வாசலில் நிற்காதீர்கள். மையம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியாக இருக்கும். காலை 9 மணித் தேர்வுக்கு டவுன் பஸ் நேரத்தை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வர சில வாரமாகும். சான்றிதழ் தபாலில் வராது, தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கியதும் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கிரெடிட் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. விண்ணப்பத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். என் இரண்டாம் தடவை சான்றிதழைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் செய்யாமல் வந்தேன். அடுத்த செமஸ்டர் மார்க் ஷீட்டில் அந்தப் பாடத்துக்கு நேரே வெறும் கோடு இருந்தது. அதைச் சரிசெய்ய நாலு தடவை அலைந்தேன்.